பெற்ற மகனிடம் வாங்கிய வாடகை

சடையண்ணா!

போன வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்துக்கு எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதினேன். காகிதத்தை மடித்தேன். பழக்கதோஷம்... "அண்ணா, ஆச்சு, எடுத்துட்டுப் போ!" என்று வாசலைப் பார்த்துக் கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து ஆத்தா எட்டிப் பார்த்தாள். நான் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

வாசகர்களே, சடையன் என் அண்ணன். நான் மலைமேல் உட்கார்ந்து எழுதுவதைக் கீழே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தது அவன்தான். மிளகு மூட்டைக்கு நடுவில் செருகிக்கொண்டு போவான். என் எழுத்தில் காரம் அதிகம் என்று நீங்கள் சொன்னபோதெல்லாம், "அது என்ற மூட்டையோட காரம்!" என்பான். போன மாதம் காய்ச்சலில் போய்விட்டான். மூன்று வாரமாக இந்தப் பக்கம் வராததற்கு அதுதான் காரணம்.

வழக்கம்போல் சிரிக்க வைப்பேன் என்று நினைத்துப் படிக்காதீர்கள். நான் கோபத்தில் இருக்கிறேன். அடக்கி எழுதத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம்தான் இருந்தேன். கோபத்தை அடக்குகிற பாடம் மூன்றாம் வருஷத்தில் வந்திருக்கும் போல.

எல்லாம் ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. வாடகை.

தை மாதம் எங்கள் தாய்மாமன் மலைமேல் எங்கள் தேவனூர் நாட்டுக்கு ஏறி வந்தார். எங்கள் மலையில் நாடு என்றால் நாலைந்து ஊர் சேர்ந்தது. அவர் அடிவாரத்துக்கு இறங்கிக் குடியேறி ரொம்ப வருஷம் ஆகிறது. கீழே ஓட்டு வீடு கட்டி, முன்பக்கத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார். ருசி கண்டுவிட்டார். பின்பக்கம் குடியிருக்கிற சொந்த மகன்கள் இரண்டு பேரிடமும் இப்போது மாதாமாதம் வசூல்! மருமகள்கள் கிணற்றில் தண்ணீர் சேந்தினால் அதற்கும் கேட்பாரோ என்னவோ... கயிறு தேய்கிறதே!

சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்தபடி அப்பனிடம் பேச்சை எடுத்தார்.

"ஏனுங்க மச்சான், சடையனுக்கு என்ன வயசாச்சு?"

"இருபத்தஞ்சு இருக்குங்க."

"இருபத்தஞ்சு வயசுல இன்னும் அப்பன் ஊட்டுச் சோறு. பொண்ணுப் பாத்தா வேண்டாங்கறான். நீங்க என்ன, சத்திரமா நடத்தறீங்க?"

"பையன் ஒழைக்கறான், திங்கறான். அதுக்கென்ன இப்ப?"

"ஒழைக்கறது வேற மச்சான். மாசமானா இவ்வளவுன்னு கையில குடுத்தாத்தான் ஆம்பளைக்குப் பொறுப்பு வரும். எங்க ஊட்டுல ரெண்டு பேரும் குடுக்கறாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"பெத்த மகங்கிட்ட என்னன்னு சொல்லிக் கேக்கறது?"

"வாடகைன்னுதான்!"

எங்கள் மலையில் அந்த வார்த்தைக்கு வேலையே கிடையாது. மண் சுவர், புல்லுக் கூரை. இதை யாருக்கு வாடகைக்கு விடுவது? அண்ணன் வாசலில் கூடை முடைந்துகொண்டிருந்தான். அங்கிருந்தே கேட்டான்:

"மாமா, நாயிக்கும் சேத்தி எவ்வளவுன்னு சொல்லிப்போடுங்க. அதும் இங்கதான் படுக்குது."

ஆத்தா சிரித்தாள். நான் சிரித்தேன். மாமாகூடச் சிரித்தார். அப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

அவருக்கும் ஒரு வருத்தம் இருந்தது — மறைக்க மாட்டேன். வளப்பூர் நாட்டில் ஒரு பெண்ணைப் பார்த்து, வெற்றிலை மாற்றப் போகிற சமயத்தில் அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான். ஏன் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. பெண் வீட்டார் முன்னால் அப்பன் தலை குனிந்து திரும்பினார். அந்தப் புண் ஆறாத நேரத்தில் மாமா இந்த விதையைப் போட்டுவிட்டுப் போனார்.

மாசியில் முளைத்துவிட்டது.

"மாசம் ரெண்டு வள்ளம் சாமை அளந்து குடுத்துடு. இல்லாட்டி உனக்குன்னு ஒரு ஊடு பாத்துக்க" என்றார் அப்பன்.

சாமைக்கு அண்ணன் எங்கே போவான்? காட்டில் விளைகிற சாமையெல்லாம் அவன் உழுது, அவன் விதைத்து, அவன் அறுத்ததுதான். ஆனால் காடு அப்பனுடையது. அப்பன் சாமையை அப்பனுக்கே அளந்தால் அது வாடகை ஆகுமா? ஆகாதாம்! வெளியே சம்பாதித்து, வெளியே வாங்கி, உள்ளே கொண்டுவந்து அளக்க வேண்டுமாம். என்ன நியாயம் இது? நீங்களே சொல்லுங்கள்.

கீழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் ஒரே வீட்டுக்குள் யாரும் தானியத்தை அளக்க மாட்டார்கள். குதிருக்குள் கையை விட்டு அள்ளுவோம், முறத்தில் கொட்டுவோம், அவ்வளவுதான். வள்ளம் என்கிற மரப்படியை எடுத்தால் கூலி கொடுக்க, கடன் கொடுக்க, இல்லையென்றால் அண்ணன் தம்பி பாகம் பிரிக்க. ஒரு வீட்டுக்குள்ளேயே வள்ளம் போட்டால் அந்த வீடு இரண்டாகிவிட்டது என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். மாமா கீழே போய் இதை மறந்துவிட்டார். அப்பன் கோபத்தில் மறந்துவிட்டார்.

அண்ணன் மறக்கவில்லை. வீம்புக்காரன்! வேண்டுமென்றே பட்டப்பகலில், நடுவாசலில், தலைதட்டி அளந்தான். பக்கத்து வீட்டுக்காரி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏனக்கா, ஊடு பிரிஞ்சு போச்சா? சொல்லவே இல்லியே!"

"உன்ற சோலியப் பாத்துக்கிட்டுப் போடி" என்றாள் ஆத்தா. சொன்னாளே தவிர, வள்ளம் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அந்தச் சாமைக்காகத்தான் அண்ணன் அடிவாரத்துக் காட்டில் கரி சுடப் போனான். யுத்தம் வந்து பெட்ரோல் இல்லாமல் லாரியெல்லாம் கரியில் ஓடுகிறதே... அந்தக் கரி. கான்ட்ராக்டர் கூலி கொடுத்தார். கொசு காய்ச்சல் கொடுத்தது. மலையேறி வளர்ந்த உடம்புக்கு அடிவாரத்துக் காய்ச்சல் ஆகவே ஆகாது என்று எங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனியில் ஒரு சாயங்காலம் மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். பற்கள் கிட்டிப் போயிருந்தன. காய்ச்சலுக்கான கொயினா மருந்து வாங்க அப்பனே கீழே ஓடினார். "கொயினா எல்லாம் சண்டைக்குப் போயிடுச்சு" என்று மருந்துக் கடைக்காரர் கையை விரித்துவிட்டாராம். வெறுங்கையோடு திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே அண்ணன் என்னைக் கூப்பிட்டான்.

"ஏம்புள்ள... இந்த மாசத்துச் சாமை இன்னும் அளக்கல. எந்திரிச்சு நடக்கறவனுக்கும் படுத்தே கெடக்கறவனுக்கும் ஒரே வாடகைதானான்னு கேட்டுச் சொல்லு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் இருந்த அப்பனுக்கும் அது கேட்டது.

அந்த வாரம் முடியும் முன்பே போய்விட்டான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். முடியவில்லையே!

செத்தவர்களைத் திரும்ப வீட்டுக்கு அழைப்பது எங்கள் வழக்கம். அடக்கம் முடிந்து, நாள் பார்த்து, புதுக் குடத்தில் சுனைத் தண்ணீர் கொண்டுவருவோம். வீட்டுக்குப் பெரியவர் வாசலில் நின்று, போனவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பிறகு குடத்தை உள்ளே, முன்னோர்கள் இருக்கும் மூலையில் இறக்கி வைப்போம். அதற்கப்புறம் வருஷா வருஷம் புதுச் சாமைச் சோற்றில் முதல் பிடி அவர்களுக்குத்தான். கூப்பிடாமல் விட்டால்? போனவர் காட்டிலேயே நிற்பார் என்று நம்புகிறோம். நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் என் அண்ணன் மழையிலும் பனியிலும் வெளியே நிற்பதை நான் எப்படிப் பொறுப்பேன்?

அழைக்கிற நாளில் ஊரே வந்திருந்தது. குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அப்பன் வாயைத் திறக்கப் போனார். எங்கள் ஊர்க்கவுண்டர் கையைக் காட்டித் தடுத்தார்.

"பொறுப்பா. இந்த ஊட்டுல வள்ளம் போட்டாச்சு. பாகம் பிரிஞ்சவனை இந்த வாசல்ல கூப்புட முடியாது. அவனுக்குன்னு தனி அடுப்பும் இல்ல. எந்த வாசல்ல நின்னு கூப்புடறது?"

மாமா முன்னால் வந்தார். உதவி செய்வதாக நினைப்பு!

"பாகமெல்லாம் பிரிக்கலீங்க கவுண்டரே. அது வெறும் வாடகைங்க."

"வாடகைன்னா?"

"அடுத்தவங்க ஊட்டுல குடியிருக்கறவங்க குடுக்கறதுங்க."

ஊர்க்கவுண்டர் தாடியைத் தடவினார்.

"அப்ப அவன் இந்த ஊட்டுக்காரனே இல்ல, குடியிருக்க வந்தவங்கறீங்க. இது இன்னும் மோசமால்ல போச்சு!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

இந்த வீட்டில் பிறந்து, தவழ்ந்து, உழைத்து இருபத்தைந்து வருஷம் இருந்தவனுக்கு உள்ளே வர வழி இல்லையா? நாலு மாதம் அளந்த சாமை இருபத்தைந்து வருஷத்தை முழுங்கிவிடுமா?

"மாமா!" என்றேன். "உங்க ஊட்டுல ஓடு ஒடைஞ்சா யாரு மாத்தறது?"

"பொம்பளப் புள்ள கூட்டத்துல பேசக் கூடாது கண்ணு" என்றார் யாரோ ஒரு பெரியவர்.

"அப்ப ஆம்பளைங்க பேசுங்க! இத்தனை பேர் நிக்கறீங்க, ஒருத்தரும் பேசலியே! சொல்லுங்க மாமா. யாரு மாத்தறது?"

"நாந்தான் மாத்தோணும். ஊட்டுக்காரன் வேலை அது."

"குடியிருக்கறவங்க ஏற மாட்டாங்களா?"

"அவுங்களுக்கு என்ன வந்துது?"

"அப்படின்னா பங்குனியில எங்க ஊட்டுக் கூரை மேல ஏறி மேஞ்சது யாருன்னு எங்கப்பனைக் கேளுங்க."

கூட்டமே கூரையை அண்ணாந்து பார்த்தது. மலைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். கூரைக்குக் கீழே முன்னோர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே அந்த வீட்டு ஆம்பளையைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. கூலிக்காரன் ஏற மாட்டான். பாகம் பிரிந்த மகன்கூட ஏற மாட்டான், கீழே நின்று புல்லுக்கட்டைத்தான் வீசுவான்.

ஊர்க்கவுண்டர் அப்பன் பக்கம் திரும்பினார்.

"நீதான்பா சொல்லோணும். கூரையேறுனது யாரு?"

அப்பன் தரையைப் பார்த்தார். நானே ஏறினேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்க ஆளில்லை. அவர் மானம் தப்பித்திருக்கும். அண்ணன் ஏறினான் என்று சொன்னால், பெற்ற மகனிடம் வள்ளம் போட்டது புத்தி கெட்ட வேலை என்று ஊர் நடுவில் ஒப்புக்கொண்ட மாதிரி. என் தலையில் குடம் கனத்தது. சொல்லப்பா, சொல்லப்பா என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

"எம் மகந்தாங்க ஏறுனான். நாங் கீழ நின்னு புல்லு வீசுனேன்."

"வள்ளம் போட்டதுக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தித்தாங்க."

"ஊட்டுக்காரன் இல்லாதவனையா உன்ற பாட்டன் தலைக்கு மேல ஏத்துன?"

"இல்லீங்க. மகனைத்தாங்க ஏத்துனேன்."

"அப்ப அந்த வள்ளம்?"

"எம் புத்தி கெட்டுப் போச்சுங்க சாமி."

ஊர்க்கவுண்டர் தலையாட்டினார். "அப்பறம் என்ன? கூப்புடு."

அப்பனுக்குக் குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஆத்தாதான் பின்னால் வந்து அவர் முதுகில் கையை வைத்தாள். "சத்தமாக் கூப்புடுங்க. அவன் தூரத்துல நிக்கறான்" என்றாள்.

கூப்பிட்டார். மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். நான் குடத்தை உள்ளே கொண்டுபோய் இறக்கி வைத்தேன்.

மாமா அன்றைக்கே இறங்கிப் போய்விட்டார். போகும்போது, "படிச்சுக் கெட்டுப்போச்சு இந்தப் புள்ள" என்றாராம். ரெண்டாங் கிளாஸ்தான் மாமா! அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிடு என்று புத்தி சொல்லி யாரும் எனக்கு எழுத வேண்டாம். அப்பன் மேலும் எனக்குக் கோபம்தான். கோபத்தோடுதான் தினமும் அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறேன். அவரும் என் முகத்தைப் பார்க்காமல்தான் வாங்கிக் குடிக்கிறார்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள் — சம்பாதிக்கிற பிள்ளை வீட்டுக்கு ஒன்றும் தர வேண்டாமா? நன்றாகத் தரட்டும்! விறகு விலையும் மண்ணெண்ணெய் விலையும் எனக்குத் தெரியாதா? "அரிசிக்குப் பத்தலை, கொண்டா கண்ணு" என்று கேளுங்கள். தராவிட்டால் திட்டுங்கள். கையில் கிடைத்ததை எடுத்து வீசுங்கள். அப்போதும் அவன் உங்கள் பிள்ளைதான். ஆனால் வாடகை என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பேரில் ஒரு கைப்பிடி வாங்கினாலும், வீடு உங்களுடையது, அவன் வேற்றாள் என்று நீங்களே தமுக்கடித்துச் சொன்னதாகிவிடும். அப்புறம் அதை மாற்றிச் சொல்ல ஊரைக் கூட்ட வேண்டியிருக்கும்... அப்போது அவன் கேட்க இருப்பானா?

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் யாரைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்று விளக்கு வைக்கும்போது சடையன் என்று ஒரு தடவை பேர் சொல்லி, அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். எந்தச் சடையன், எங்கே இருக்கிறான் என்று சாமி கேட்டால், அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்று சொல்லுங்கள்.