அந்தப் பக்கம் திறக்கும் கதவு

மாலை நாலு பத்துக்கு அண்ணியிடமிருந்து போன். "உங்க அண்ணன் போயிட்டாரும்மா" என்றார். குளியலறை வாசலில் உட்கார்ந்த நிலையில் இதயம் நின்றுவிட்டதாம். கையில் திருப்புளி.

முப்பத்தோரு வருடம் ரயில் எஞ்சின் ஓட்டியவர் அண்ணன். ஒருமுறை தண்டவாளத்தின் குறுக்கே மணல் லாரி ஒன்று நின்றுவிட்டது. பிரேக்கைப் போட்டுவிட்டு அவரும் உதவியாளரும் பின்கதவுக்கு ஓடினார்கள். அதைத் தாண்டி எஞ்சின் அறைக்குள் போனால்தான் உயிர் தப்பலாம். அந்தக் கதவோ ஓட்டுநர் அறைப் பக்கமாகத் திறப்பது. உதவியாளரின் இருக்கையில் முட்டி, ஒரு முழம்தான் திறந்தது. முதலில் நுழைந்த அண்ணனுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. பின்னால் வந்தவருக்கு வலது கால் போயிற்று.

கதவை எதிர்ப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றச் சொல்லி ஐந்து வருடம் மனு எழுதினார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்குக் 'கதவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "கதவு வருதுப்பா, தாழ்ப்பாளைப் போடு" என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த மனுவை எழுதுவார். வரைபடத்தில் போதிய இடம் இருப்பதாகவே பதில் வரும். இருந்ததுதான். வரைபடத்து இருக்கையில் ஆள் இல்லையே.

வடிவமைப்புப் பொறியாளர் ஒருநாள் பணிமனைக்கு வந்தபோது, அண்ணன் அவரை அந்த இருக்கையிலேயே உட்காரவைத்தார்.

"சௌகரியமா உக்காருங்க சார். காலை நீட்டிக்குங்க."

அவர் இருக்கையைப் பின்னால் தள்ளிச் சாய்ந்தார்.

"எதிர்ல லாரி. ஆறு செகண்டுதான். ஓடுங்க."

பொறியாளர் எழுந்து கதவை இழுத்தார். முட்டி நின்றது. வயிற்றை எக்கியும் நுழைய முடியவில்லை.

"தொப்பையையும் சேர்த்து வரையணும் போலிருக்கே" என்று சிரித்தார்.

"தொப்பை இல்லாதவனுக்கே கால் போச்சு சார்."

பொறியாளர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. மறுவருடம் வந்த எஞ்சின்களில் கதவு எஞ்சின் அறைப் பக்கமாகத் திறந்தது.

போன மழைக்காலத்தில் அப்படியொரு எஞ்சின் கல் லாரியில் மோதி முகப்பு நசுங்கியது. உள்ளே இருந்த இருவரும் இன்று நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் கால்மாட்டில் நின்றார்கள். "தள்ளினோம், திறந்துச்சும்மா. அவ்வளவுதான்" என்றார் ஒருவர்.

போன வாரம் அண்ணி குளியலறைக்குள் வழுக்கி விழுந்தபோது, அவர்மேல் இடித்துக்கொண்டு கதவு உள்பக்கமாகத் திறக்க மறுத்தது. அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றத்தான் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். மேல் கீலைப் பொருத்திவிட்டார். கீழ்க் கீலுக்கான மூன்று திருகாணிகள் தரையில் இருக்கின்றன.