சுருளியம்மாள் கை நீட்டாத மத்தியானம்

சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற காப்பகத்துக்குச் சுருளியம்மாள்தான் ஆயா. 1974-ல் அந்த எஸ்டேட்டின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மீசை முளைத்துத் திரிந்த பயல்களில் பெரும்பாலோர் அவள் ஆட்டிய தொட்டிலில் தூங்கியவர்கள். அதனால் எவனைக் கண்டும் அவளுக்குப் பயமில்லை. மூக்குச் சிந்திவிட்ட பையனுக்கு எதற்குப் பயப்பட வேண்டும்?

அவள் பயந்தது ஒரே ஒரு நாளுக்கு. மாரியம்மன் திருவிழாவில் காப்பு அவிழ்க்கிற நாள் அது. எட்டு நாள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி, கறியும் சாராயமும் தொடாமல் விரதம் இருந்த இளவட்டங்கள், கயிறு அவிழ்ந்த கையோடு விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போவார்கள். அங்கே கள்ளச்சாராயம் விற்கிற பரமன் கேனோடு காத்திருப்பான். 'இனி நீயும் ஆம்பள' என்று சொல்லி மூத்தவர்களே முதல் கிளாஸை ஊற்றிக் கொடுப்பார்கள். இப்படி ஒரு கூத்தை எந்தச் சாமி கேட்டது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

முந்தின வருடம் அந்தச் சாராயத்தைக் குடித்த வேலாண்டிக்கு மறுநாள் காலையில் கண் தெரியவில்லை. பத்தொன்பது வயது. பரமன் மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்து மறுபடி கேனைத் தூக்கினான். வேலாண்டியைப் பகலில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. அவன் அம்மா அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, குழந்தையாக விட்டுப்போன அதே காப்பக வாசலில் விட்டுப்போனாள். சுருளியம்மாள் அன்று அடக்கமாட்டாமல் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தொட்டில் கயிற்றை அவன் கையில் கொடுத்தாள்.

இந்த வருடம் காப்புக் கட்டிய பதினோரு இளவட்டங்களில் அவள் மகன் சோலையும் ஒருவன். 'கொட்டகைப் பக்கம் போகாதே' என்று சொல்லிப் பார்த்துவிட்டாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முளைப்பாரி எடுக்கும் முறை அந்த வருடம் அவள் வீட்டுக்கு வந்ததால் முதல் காப்பு அவள் கையில் இருந்தது. அந்தக் கோயிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலில் கட்டிய காப்புதான் முதலில் அவிழ வேண்டும். அது அவிழாமல் வேறு எவர் கயிற்றிலும் பூசாரி கை வைக்கமாட்டார்.

மத்தியானம் மஞ்சள் நீராட்டு முடிந்து, பூசாரி நல்லதம்பி அவளைக் கை நீட்டச் சொன்னார். சுருளியம்மாள் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு கோயில் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அவுக்கப்போறதில்ல அண்ணே."

"என்ன வெளாட்டு இது சுருளி? பயலுவ வரிசையில நிக்கானுவ."

"நிக்கட்டும். இங்க நின்னா கண்ணு போகாது."

முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் திட்டினார்கள். லயம் முழுக்க ஆட்டுக்கறி வெந்து மணத்தது. காப்புக்காரர்கள் சாப்பிடாமல் யாரும் கை நனைக்க முடியாது. குழந்தைகள் சிணுங்கத் தொடங்கின. சோலை முகம் சிவந்து முன்னால் வந்தான்.

"ஏம்மா, ஊரு முன்னாடி என் மானத்த வாங்காத. எந்திரி."

"ஒன் மானம் யாருக்குல வேணும்? எனக்கு ஒன் கண்ணு வேணும்."

அப்போது கம்பைத் தட்டிக்கொண்டு வேலாண்டி வந்தான். அவன் பூசாரி பக்கம் கையை நீட்டியபடி, "மாமா, எனக்கு ஒரு காப்புக் கட்டி விடுங்க" என்றான்.

"அவுக்குற நாள்ல எவனாச்சும் கட்டுவானாய்யா?" என்றார் பூசாரி.

சுருளியம்மாளுக்கு அந்த நிமிடத்தில்தான் வழி தெரிந்தது. "கட்டுவான். பழச அவுத்துட்டு, கையோட புதுசு கட்டுங்க. கறி திங்கலாம். சாராயம் மட்டும் அடுத்த திருழா வரைக்கும் கூடாது. சரின்னா இந்தா என் கை."

பூசாரி தலையைச் சொறிந்தார். கறி வாசம் அவர் மூக்கையும் விடவில்லை. ஆத்தா கோபிக்கமாட்டாள் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சுருளியம்மாளுக்குப் பிறகு வேலாண்டி, அவனுக்குப் பிறகு சோலை. மற்ற பத்துப் பேரில் பாதிப்பேர் பக்தியில் கட்டிக்கொள்ளவில்லை, பசியில்தான் கட்டிக்கொண்டார்கள். இருந்தாலும் பரமனின் கேன் அன்று நிறைந்தது நிறைந்தபடி திரும்பிப் போனது. என்ன அருமையான காட்சி அது!

கட்டிய கயிற்றைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. சுருளியம்மாள் பழைய தொட்டில் கயிறுகளை முடைந்து வலையாக்கி, காப்பகத்துக்குப் பக்கத்து மேட்டில் கட்டினாள். வேலை முடிந்து வாலிபால் ஆட வருகிறவன் முதலில் வேலாண்டி முகத்துக்கு நேரே ஊத வேண்டும். கொத்தமல்லியை மென்றாலும் ஏலக்காயைக் கடித்தாலும் சாராய வாடையை அவன் மூக்குக்கு மறைக்க முடியாது. மாட்டிக்கொண்டவனை விலக்கமாட்டார்கள். அவன் லீவு நாளெல்லாம், ஒரு மாதத்துக்கு, காப்பகத்தில் தொட்டில் ஆட்ட வேண்டும். கொழுந்துக் கூடையோடு போகிற பெண்கள், "தாலாட்டு வரலையா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். முதல் வருடம் மூன்று பேர் ஆட்டினார்கள். நான்காவது ஆள் வரவேயில்லை.

எழுபத்தாறில் அடுத்த எஸ்டேட் பெண்கள் வந்து விவரம் கேட்டுப் போனார்கள். எழுபத்தொன்பதில் அறுபத்து நாலு பேர் காப்புக் கட்டிக்கொள்ள வரிசையில் நின்றார்கள். கட்டுவதற்கு முன்பு எல்லோரும் ஊதிக் காட்டுவது அதற்குள் முறையாகிவிட்டது. சோலைதான் வரிசையை ஒழுங்குபடுத்தினான். சுருளியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அன்று சந்தோஷத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

வரிசைக் கடைசியில் பரமன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு நின்றான். பையனின் முறை வந்தது.

"யாரு?" என்றான் வேலாண்டி.

"பரமன் மவன்" என்றான் பையன், மெதுவாக.

வேலாண்டி கம்பைக் கீழே வைத்துவிட்டு முகத்தை முன்னால் நீட்டினான். பிறகு அவன், "ஊதுல" என்றான்.

பையன் ஊதினான்.

"சுக்குக்காப்பி. மாமா, கயித்த எங்கிட்டக் குடுங்க" என்று பூசாரி பக்கம் கை நீட்டினான் வேலாண்டி.

அவன் பையனின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, முடிச்சைத் தானே போட்டான். இறுக்கமாகவே போட்டான்.