நீல டிராக்டருக்கு ஒரு வாட்டர் பம்ப்

பழைய டிராக்டருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடையில், சாமானை எடுத்துக் கொடுப்பது சின்ன வேலை. வந்தவர் வீட்டில் நிற்பது எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து வண்டி என்று அவர் வாயிலிருந்து வாங்குவதுதான் பெரிய வேலை. கடையில் நின்று பிழைக்கிற அக்கா தங்கச்சிமாருக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் கடை கரமனைப் பாலத்துக்குப் பக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். முதலில் பின்னாலிருக்கிற குடோனில், கழற்றி வந்த பழைய சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே இருட்டினால்தான் விடுவார்கள். கழுவிக் கழுவி, எது எந்த வண்டியின் சாமான் என்று ஓரளவு கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. அதனால் முதலாளி அண்ணாச்சி என்னைக் கவுண்டருக்கு மாற்றினார். கவுண்டர் வேலை மூன்று மணிக்கு முடியும். மூன்றரைக்கு அங்கன்வாடி பூட்டுவதற்குள் மகளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை, பிள்ளையைக் கூப்பிட வேறு ஆள் கிடையாது. கவுண்டர் போனால் எனக்கு வேலையே போன மாதிரிதான். இதெல்லாம் தெரிந்தும் அண்ணாச்சி முதல் நாளே சொன்னார்: "சாமான் மாறிப்போயி ரெண்டு மட்டம் திரும்பி வந்துச்சுன்னு வையி, அது கூடவே நீயும் குடோனுக்குப் போயிரணும், கேட்டியா?"

ஆள் இல்லையா?

வெள்ளாயணியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிற வேலப்பண்ணன் ஒரு நாள் வந்தார். வாட்டர் பம்ப் ஒழுகுகிறதாம், புதிது வேண்டுமாம். என்ன வண்டி அண்ணே என்று கேட்டேன். "நீல வண்டி" என்றார். கம்பெனி? "அது அச்சன் வாங்கினது." அச்சன் என்றால் மலையாளத்தில் அப்பா. எந்த வருஷம்? "எனக்கு மூத்தது." கம்பெனித் தகடு? "பெயிண்ட் அடிக்க இடைஞ்சலா இருந்துது, கழத்திப் போட்டாச்சு."

ஒரு ஆளைத் தேடிப் போய், "சிவப்புச் சட்டை போட்டவர் வீடு எது?" என்று கேட்டால் ஊரில் சிரிக்கமாட்டார்களா? டிராக்டருக்கு மட்டும் நிறம் போதுமாம். எனக்கு இயல்பிலேயே குரல் எழும்பாது. அந்நிய ஆண்களிடம் பேசும்போது இன்னும் உள்ளே போகும். ஆனாலும் விடாமல், எத்தனை சிலிண்டர், பம்பில் எத்தனை போல்ட் என்று கேட்டேன். அவர் என் தலைக்கு மேலே கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மோளே, உள்ளே ஆள் ஆரும் இல்லியா?"

நான் என்ன, காலண்டரா?

போட்டோ அனுப்பினார்

சரி, வண்டியைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், என்ஜின் பக்கம் நன்றாகத் தெரியட்டும் என்றேன். மறுநாள் வந்தது. ஆயுத பூஜைக்கு எடுத்த படம். வண்டி முழுக்கச் செவ்வந்தி மாலை, வாழைக்கன்று. என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் வேலப்பண்ணன் சந்தனப்பொட்டோடு கைகட்டி நிற்கிறார். வேறு படம் கேட்டேன். ஸ்டியரிங்கில் பேரப்பிள்ளையை உட்கார வைத்து எடுத்து அனுப்பினார். பிள்ளைக்கு நல்ல களை. வண்டிதான் காணோம்.

போனில் கூப்பிட்டு, படம் சரியில்லை அண்ணே என்று மெதுவாகச் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது: "எந்தா சரியில்லாதது? என் முகம் நல்லா தெளிஞ்சுல்லா இருக்கு!"

அண்ணாச்சி எடுத்துக் கொடுத்த பம்ப்

என்ன வண்டி என்று தெரியாமல் சாமான் எடுக்க மாட்டேன் என்று நான் நின்றதில் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "நீலம்னா ஒரே ஒரு கம்பெனிதாம்ட்டி" என்று அலமாரியிலிருந்து அவர் கையாலேயே ஒரு பம்பை எடுத்து, அவர் கையாலேயே கட்டி, வேலப்பண்ணனிடம் கொடுத்தார். நான் தொடக்கூட இல்லை. இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

ரெண்டு நாளில் பம்ப் திரும்பி வந்தது. போல்ட் ஓட்டை ஒன்றுகூடப் பொருந்தவில்லையாம். வாழைக்கு உழ நாளாகிவிட்டது என்று வேலப்பண்ணன் கடை வாசலில் சத்தம் போட்டார். தெருவே பார்த்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "அன்னைக்குக் கவுண்டர்ல இருந்தது நீதானே? இது ஒண்ணாச்சு, பாத்துக்கோ!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. அதையும் குடோனுக்குள் போய்த்தான் அழுதேன்.

எட்டாம் நம்பர்

இன்னொன்று திரும்பி வந்தால் என் பிள்ளை அங்கன்வாடி வாசலில் தனியாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பி பிரஷும் பழந்துணியும், பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே வைக்கிற பேக்கிங் அட்டைகள் சிலவுமாக வெள்ளாயணி பஸ் ஏறினேன்.

வண்டி தென்னை மூட்டில், மரத்தடி நிழலில் நின்றது. பூஜைக்குப் பூஜை பெயிண்ட் அடிப்பார்கள் போல. சுரண்டினால் நீலத்துக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே சாம்பல். அண்ணாச்சியின் நீலக் கம்பெனி அங்கேயே முடிந்தது. சீரியல் நம்பர் குத்தியிருக்கிற இடத்தைத் தேடினேன். அந்த இடம் மட்டும் அரம் போட்டு ராவி, கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது.

திருட்டு வண்டியோ என்று பயந்துபோனேன். அப்படி இல்லை. ஜோசியர் நம்பரைக் கூட்டிப் பார்த்தாராம், எட்டு வந்ததாம். எட்டு சனிக்கு உள்ளது. வண்டியை விற்க மனசில்லாமல் நம்பரை ராவி எடுத்துவிட்டார்கள். ஒரு வண்டிக்குப் பேரும் இல்லை, பிறந்த வருஷமும் இல்லை, ஆனால் தோஷம் இல்லை! வேலப்பண்ணன் பெருமையாகச் சொன்னார்: "நம்பர் போன பெறவு இவன் ஒரு மட்டம்கூடக் கவிழ்ந்ததில்ல, அறியுமோ?"

நீ அதைக் கேக்கலையே

பின்னால் கியர்பாக்ஸ் வார்ப்பில் எழும்பி நின்ற எழுத்தும் எண்ணும் மிச்சம் இருந்தன. அழுக்கைத் துடைத்துப் படித்தேன். நான் கழுவியவற்றில் இதே எழுத்துள்ள கியர்பாக்ஸ் வந்திருக்கிறது. ஆக கம்பெனி தெரிந்தது, மாடலும் வருஷமும் ஏறக்குறையத் தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கொண்டுபோனதில் அந்த மாடலுக்கான பேக்கிங் அட்டையும் இருந்தது. ஒழுகுகிற பம்பைக் கழற்றச் சொல்லி அட்டையை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை! திருப்பி வைத்தேன், புரட்டி வைத்தேன். ம்ஹூம். இதை நம்பிப் பம்ப் கொடுத்திருந்தால் ரெண்டாவதும் திரும்பி வந்திருக்கும், நானும் குடோனுக்குப் போயிருப்பேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் என் மூக்கில் கிரீஸ் தடவினாள்.

கடைசியில், அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்துக் கேட்டேன். அண்ணே, இந்த என்ஜின் இந்த வண்டியோடதுதானா? வேலப்பண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இல்லியே. பழைய என்ஜின் வெடிச்சுப் போச்சு. திருநெல்வேலில ஒரு வண்டிய உடைச்சு விற்கும்போ அச்சன் இத வாங்கி மாட்டினது." கடைக்கு எத்தனை தடவை வந்தார், எத்தனை போன் பேசினார், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேவிட்டேன். அவருக்கு ரோஷம்: "நீ டிராக்டர் ஏதுன்னுதானே கேட்டே? என்ஜின் ஏதுன்னு கேட்டியா?"

பொருந்தியது

என்ஜினின் பக்கவாட்டைச் சுரண்டி, அதன் எழுத்தைத் தனியாகப் படித்து, பம்ப் வாயை ஒரு வெற்று அட்டையில் வரைந்து எடுத்துவந்தேன். மறுநாள் கடையில் அட்டையை வைத்துத் தேடிக் கொடுத்த பம்ப் பொருந்தியது. வேலப்பண்ணன் வாழைக்குலை ஒன்றோடு வந்தார். குலையை அண்ணாச்சியிடம்தான் கொடுத்தார். அண்ணாச்சியும், "நம்ம கடைக்குத் தெரியாத வண்டி உண்டா வேய்?" என்று வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, இனிமேல் தகடு இல்லாத வண்டி எங்கே நின்றாலும், எத்தனை மணி ஆனாலும் நீயே போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

எத்தனை மணி ஆனாலுமா! எதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமை தரையில் கிடந்தேனோ, அதையே பரிசு மாதிரி பிடுங்கப் பார்க்கிறார். "மூணு மணிக்குள்ள திரும்புற இடம்னா போறேன் அண்ணாச்சி. இல்லைன்னா வண்டியை இங்க கொண்டு வரச் சொல்லுங்க" என்றேன். கடை முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணாச்சி என்னை விட்டுவிட்டு வேலப்பண்ணன் பக்கம் திரும்பினார். அவரிடம்தான் சொன்னார்: "இவ ஊமைன்னுல்லா நான் இத்தனை நாளும் நெனச்சிருந்தேன்!"

இப்போதும் மூன்று மணிக்குத்தான் இறங்குகிறேன். என் அனுபவத்தில், எத்தனை கோட் பெயிண்ட் அடித்த டிராக்டரும் சுரண்டினால் உண்மையைச் சொல்லிவிடும், அதன் சொந்தக்காரரைத்தான் எதைக் கொண்டு சுரண்டுவது என்று தெரியவில்லை.