பத்தாவது சொல்

எங்கள் சினகோக்கில், யூதர்களின் அந்தத் தொழுகைக் கூடத்தில், ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார்கள். மனிதரை அப்படி எண்ணுவது ஆகாது என்று ஒரு வழக்கம். அதற்குப் பதிலாகப் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு எபிரேய வரி இருக்கிறது. தொழுகையை நடத்துபவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக முணுமுணுப்பார். பத்தாவது சொல் யாரோ ஒரு யூதர் மீது விழுந்தால் முழுத் தொழுகையும் நடக்கும். விழாவிட்டால் சில பகுதிகளை விட்டுவிட்டுத்தான் படிக்கலாம். இறந்தவர்களுக்காகச் சொல்லும் கடிஷ் அன்றைக்கு இல்லை.

‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும்.

பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரைக்காகப் போனவள் நான். ஒரு வெள்ளிக்கிழமை போதும் என்றுதான் போனேன். அடுத்த வெள்ளியும் போனேன். நான்கு மாதத்தில், இருபது வருடமாக அங்கே வருகிறவர்களைவிட வேகமாக எபிரேயம் வாசித்தேன். கிட்டார், இத்தாலிய மொழி, மலையேற்றம் என்று எல்லாவற்றையும் பாதியில் விட்டவள் இதை மட்டும் விடவில்லை. காரணம் எளிது. அம்மா போகும் முருகன் கோயிலில் திருவிழாவுக்கு நான் போகாவிட்டால் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. இங்கே ஓர் ஆள் குறைந்தால் கடவுளையே காக்க வைக்கிறார்கள்.

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை.

“சாமிப் படமும் இல்லை, திருநீறும் இல்லை. அப்ப நீ அங்க என்னத்தைப் பாத்துக் கும்பிடுறாய்?”

“புத்தகத்தைப் பாத்து, அம்மா.”

“அதுக்கு வீட்டிலயே இருந்து படிக்கலாமே. சரி, வடை சுட்டுத் தாறன், கொண்டுபோய்க் குடு.”

“ஏலாது அம்மா. வீட்டில சமைச்சதை உள்ள விடமாட்டினம்.”

“ஏன், என்ர வடையில என்ன பிழை? வெங்காயமும் உளுந்தும்தானே!”

வடையில் பிழையில்லை, அவர்களுடைய உணவு விதிக்குள் வராத எங்கள் எண்ணெய்ச் சட்டியில்தான் என்று விளக்கப் போய் அன்று எனக்குச் சாப்பாடே கிடைக்கவில்லை. வெட்டாத பழம் என்றால் ஏற்றுக்கொள்வார்கள். அதனால் கோடை முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு முழு வத்தகப்பழத்தை, தர்ப்பூசணியை, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன்.

யூதராக மாறுவதற்கு இரண்டு வருடம் படித்தேன். இரண்டாவது கோடை முடிவில் மூன்று ரப்பிகள், அதாவது யூத மதகுருமார், முன்னால் போய் உட்கார வேண்டும். அதற்கு எங்கள் சபையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அதுவரை நான் எந்தச் சொல்லிலும் சேர்த்தி இல்லை. இந்த நாட்டுக்கு அகதியாக வந்த அப்பா சிரித்தார். “எனக்கும் டொச்சில ஒருத்தன், இங்கிலீசில ஒருத்தன், மொழிபெயர்க்க ஒருத்தன் எண்டு மூண்டு பேர் இருந்துதான் விசாரிச்சவங்கள். நான் உயிருக்குப் பயந்து உள்ள வரக் கேட்டனான். நீ என்னத்துக்கு?”

கோடை எங்கள் சபைக்குப் பஞ்ச காலம். பாதிப் பேர் கடற்கரைக்கும், மீதியில் பாதிப் பேர் பேரப்பிள்ளைகளிடமும் போய்விடுவார்கள். ரப்பி மூன்று ஊர்களுக்குப் பொது. மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் தொழுகையை நடத்துபவர் ஒரு ஓய்வுபெற்ற பொறியியலாளர், உக்ரைனிலிருந்து வந்தவர். இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும் நாட்டில் சூரியன் மறையும்வரை காத்திருக்க முடியாது என்று ஏழு மணிக்கே ஷபாத் என்னும் ஓய்வுநாளைத் தொடங்கிவிடுவார். பளீரென்ற வெயிலில் மெழுகுதிரி ஏற்றுவோம். திரி எரிகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு பின்தோட்டத்தில் மேசை போட்டு வத்தகப்பழம் வெட்டுவோம். மதிலுக்கு வெளியே காவல் நிற்கும் பொலிஸ்காரருக்கும் ஒரு துண்டு போகும்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் எப்போதும் ஒரு அம்மா இருப்பார். அவரும் உக்ரைன்காரர், கணவனை இழந்தவர். வந்த முதல் நாளே என் புத்தகத்தைச் சரியான பக்கத்துக்குத் திருப்பித் தந்தவர். உப்பில் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஒரு போத்தல் எனக்கென்று எடுத்துவைப்பார். இருவரும் பேசுவது டொச்சில்தான், ஜெர்மன் மொழியில். ஆனால் நினைவில் எல்லாம் வீட்டுத் தமிழாகவே வருகிறது.

அந்த ஜூலை வெள்ளிக்கிழமை அவருடைய கணவனின் ஆண்டு நினைவு. கடிஷ் சொல்ல வேண்டிய நாள். பொறியியலாளர் தொலைபேசியும் கையுமாகத் தோட்டத்தில் நடந்தார்.

“ஒருத்தர் ஸ்பெயினில, ஒருத்தருக்கு முழங்கால். தெரிஞ்ச எல்லாருக்கும் எடுத்துப் பாத்திட்டன்.”

உள்ளே வந்து எண்ணினார். ஒன்பது சொல்லோடு முடிந்தது. அந்த அம்மா புத்தகத்தை மூடினார். அவரைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“பிள்ளை,” என்றார் பொறியியலாளர். “இங்கால வா. வந்து நில்.”

“நான் இன்னும் இல்லையே.”

“இன்னும் ஆறு கிழமைதானே? கடவுளுக்குக் கலண்டர் பாக்கத் தெரியாதே?”

யாரோ சிரித்தார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். “நில்லு, குஞ்சு. நீ எங்கட ஆள்தானே.”

நின்றேன். பத்தாவது சொல் என் முகத்தில் விழுந்தது. உடம்பெல்லாம் கூசியது. அம்மா எழுந்து கடிஷ் சொன்னார். ஆமென் சொல்ல வேண்டிய இடங்களில் என் குரல்தான் எல்லாரையும் முந்தியது. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸைத் தவறவிட்டு, அதைக் கவனிக்காமல் நான்கு நிறுத்தங்கள் நடந்திருக்கிறேன்.

ஓகஸ்டில் ரப்பி வந்தார். தேநீர் குடிக்கும்போது யாரோ பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள்: “அண்டைக்கு எங்கட தமிழ்ப் பிள்ளைதான் பத்தாவது!” ரப்பி கோப்பையைக் கீழே வைத்தாராம். சமையலறைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறைக்குப் பொறியியலாளரையும் அந்த அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார்.

“ஆர் எண்ணினது?”

பொறியியலாளர் மேசையைப் பார்த்தார். “எண்ணினது நான்தான். ஆனா அவதானே வந்து வரிசையில நிண்டா. எல்லாம் முடிச்சிட்டா எண்டு நினைச்சன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மையாகவே. அவர் பகிடி விடுகிறார், இப்போது அம்மா திட்டுவார் என்று அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

“நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான்,” என்றார் அம்மா. “எனக்கு ஒண்டும் தெரியாது.”

என் மணிக்கட்டைப் பிடித்த அதே கை கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தது.

“இல்லை,” என்றேன். “நான் இன்னும் இல்லை எண்டு சொன்னனான். இவைதான் கூப்பிட்டவை.” ஒன்பது பேர் இருந்தார்கள், கேட்டுப் பாருங்கள் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்த குரல் பொய்யைப் போலவே ஒலித்தது.

ரப்பி என்னைப் பார்த்தார். கோபமில்லாத முகம். “அவை கூப்பிட்டதாவே இருக்கட்டும். இந்தப் பத்துப் பேர் விதியைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதித் தந்த கட்டுரை நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு எழுத்துப் பிழை இல்லை. தெரிஞ்சும் ஏன் நிண்டனீங்கள்?”

ஆசை என்று சொல்லியிருக்கலாம். கடிதம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

பஸ் நிறுத்தத்துக்கு அந்த அம்மா பின்னால் வந்தார். கையில் வெள்ளரிக்காய்ப் போத்தல்.

“கிழமையில மூண்டு நாள் எனக்கு ரத்தம் சுத்திகரிக்க வேணும். அவர்தான் காரில கூட்டிக்கொண்டு போறவர். அவரைப் போய் நான் அங்க பொய்யனாக்கிறதே? உனக்கு ஒரு வருஷம் பெரிசில்லை, குஞ்சு. எனக்கு அப்பிடியில்லை.”

“என்னைப் பொய்க்காரியாக்கினது?”

அவர் போத்தலை நீட்டியபடியே நின்றார். பஸ் வந்தது. நான் வாங்கவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தபோது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

விட்டுவிடு என்றார் அம்மா, என் சொந்த அம்மா. “உப்பிடிப்பட்ட சனத்தோட உனக்கென்ன?” இதையாவது பாதியில் விட்டிருக்கலாம். அவர்களால் விட்டேன் என்று ஆகிவிடக் கூடாது என்ற பிடிவாதத்தில் போய்க்கொண்டேயிருந்தேன். ஆனால் கடைசி வரிசைக்கு மாறிவிட்டேன். என் பக்கத்துக் கதிரையில் பையை வைத்துக்கொள்வேன். அடுத்த வருடம், ஜூன் மாதம், மூன்று ரப்பிகளும் இருபது நிமிடத்தில் என்னை ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வந்தபோது தலைமயிர் ஈரமாக இருந்தது, சடங்குக் குளத்தில் முழுகிய ஈரம். யாருக்கு முதலில் சொல்வது என்று யோசித்தேன். கை அந்த அம்மாவின் எண்ணுக்குத்தான் போனது. பிறகு தொலைபேசியைப் பையில் போட்டேன்.

ஜூலையில், வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்த அம்மாவே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“இண்டைக்கு என்ர மனுசன்ர நாள். ஒன்பது பேர்தான்.” மூச்சு விடும் சத்தம். “வரச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்லை.”

“அப்ப ஏன் எடுத்தனீங்கள்?”

நான் வைத்துவிட்டேன். ஆறரைக்கு, வத்தகப்பழம் இல்லாமல், வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

பொறியியலாளர் எண்ணினார். ஒன்பதாவது சொல்லுக்குப் பிறகு கடைசி வரிசைக்கு வந்து தயங்கினார். நானும் பார்வையை எடுக்கவில்லை. பத்தாவது சொல்லை என் முகத்தைப் பார்க்காமல், என் தோளுக்குச் சொன்னார். இந்த முறை உடம்பு கூசவில்லை.

அந்த அம்மா எழுந்தார். ஒரு வருடத்தில் நன்றாக மெலிந்திருந்தார். கடிஷ் தொடங்கும் முன் ஒருமுறை என் பக்கம் திரும்பினார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆமென் சொல்ல வேண்டிய எல்லா இடத்திலும் சொன்னேன், ஒன்றைக்கூட விடவில்லை. அது முழுவதும் நான் ஒருநாளும் பார்த்திராத அவருடைய கணவனுக்கு. தொழுகை முடிந்ததும் எல்லாரும் தோட்டத்துக்குப் போனார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கக் கதவால் வெளியே வந்தேன். வெயில் இன்னும் இருந்தது.