முன் டயர் மொட்டையானது யாரால்? போளூர் – ஜமுனாமரத்தூர், 42 கிலோமீட்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஜவ்வாது மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அங்கே கணக்கு ஆசிரியை என் மனைவி கவிதா. அவள் வழக்கமாகப் போகும் பேருந்து அன்று வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதனால் நான் வண்டியை எடுத்தேன்.

சுற்றுலாக் குறிப்பாகவும் இதைப் படிக்கலாம். ஆனால் கோபத்தில்தான் எழுதுகிறேன். ஹைபிரிட் எஸ்யூவி வாங்கி மலையேற நினைப்பவர்களுக்காக.

முதலில் நடந்தது. வண்டி வாங்கி ஒன்றரை வருடம். ஆர்.சி. என் பெயரில். ஓட்டியது பெரும்பாலும் கவிதா. போளூரில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை, தினமும் போக வர 84 கிலோமீட்டர். இருபத்து மூவாயிரம் கிலோமீட்டரில் முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. நாற்பதாயிரம் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். அங்கிருந்த ஆலோசகர் வண்டியைச் சுற்றி வரவில்லை. குனியவில்லை. மேடம்தான் ஓட்டுகிறாரா என்று கேட்டார். மலை ரோடா என்று கேட்டார். சிரித்தார். வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் ஒரு வரி எழுதினார்: ஓட்டும் பழக்கத்தால் ஏற்பட்ட தேய்மானம். அதோடு வாரண்டி முடிந்தது.

அன்று மாலை வீட்டில் அதையே நான் சொன்னேன். இன்னும் விரிவாக. வளைவில் பிரேக்கை அழுத்தி மிதிக்கிறாய், கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கிறாய் என்று. அவளோடு நான் மலைக்குப் போனது அதற்கு முன் இரண்டே முறை. கவிதா சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். மறுநாளிலிருந்து காலை 6:15 பேருந்து. திரும்ப இரவு எட்டு மணி. ஏழு வாரம். டயரை நான் மாற்றவும் இல்லை.

இனி பயணம்.

காலை 7:05க்குக் கிளம்பினோம். போளூர் தாண்டியதும் நிலக்கடலை வயல்கள். பிறகு அடிவாரம். ஏற்றம் தொடங்கும் இடத்தில் தூறல். கவிதா பக்கத்து இருக்கையில், மடியில் மார்க் பதிவேடுகள். மேலே போகப் போகப் புளிய மரங்களுக்கு நடுவே மேகம் இறங்கி நின்றது. படம் எடுக்க நிறுத்தலாமா என்று கேட்டேன். கூட்டம் பத்து மணிக்கு என்றாள்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. நேராக வழுக்கியது. ஒரு நொடி. அல்லது அதைவிடக் குறைவு. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்பு டயர் பிடித்துக்கொண்டது. வேகம் முப்பதுக்குக் கீழே. பிரேக்கை நான் அழுத்தி மிதிக்கவில்லை. ஓட்டியது நான். என் பழக்கம். இதை அங்கேயே யோசித்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

மீதித் தூரம் இருபதில் ஓட்டினேன். ஜமுனாமரத்தூர் வந்தபோது 8:50. கடைத்தெருவின் கோடியில் ஒரு டயர் கடை. தகரக் கூரை, ஒரு கம்ப்ரசர், வாசலில் ஜீப் டயர்கள். கடைக்காரர் பெயர் சின்னப்பன். நாற்பது வயது இருக்கும். மலையில் சாமை விதைக்கிற குடும்பம். ஜீப் ஓட்டி, பிறகு இந்தக் கடை. கவிதாவைத் தெரிந்திருந்தது. அவர் பெண் ஏழாம் வகுப்பில் அவளிடம் படிக்கிறாள்.

ஜாக்கி போட்டு இடது முன் சக்கரத்தைக் கழற்றினார். உள்விளிம்பை எங்களுக்குத் திருப்பிக் காட்டினார்.

"இன்னா சார், இத்தப் போட்டுக்கினா மலை ஏறினீங்க? கம்பி தெரியுது பாருங்க."

தெரிந்தது. ரப்பருக்கு நடுவே மெல்லிய கம்பி இழைகள். வெளியிலிருந்து பார்த்தால் டயர் சுமாராகவே இருந்தது. உட்புறம்தான் செத்துப் போயிருந்தது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், சரியில்லாவிட்டால் இப்படி ஆகும் என்றார்.

சேற்றைத் துணியால் துடைத்தபோது உட்பக்கச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் ஓர் எண். 1.

"லாரி மாதிரி நம்பர் போட்டுகீது. யாரு போட்டது?"

"எங்க அண்ணன்" என்றாள் கவிதா. "ஒடுகத்தூர்ல லாரி வச்சிருக்காரு."

எனக்கு மறந்தே போயிருந்தது. லாரிக்காரர்கள் ஒவ்வொரு டயருக்கும் எண் எழுதிவிடுவார்கள். எந்த டயர் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு ஓடியது என்று தெரியவும், கடையில் யாரும் மாற்றி வைத்துவிடாமல் இருக்கவும். வண்டி வந்த முதல் வாரமே மச்சான் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். முன்னால் 1, 2. பின்னால் 3, 4. புது வண்டியில் இது என்ன அசிங்கம் என்று நான் முனகியதால் உட்பக்கம் எழுதினார்.

சின்னப்பன் வலது முன் சக்கரத்தையும் கழற்றினார். 2. பின் டயர்களின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். அவை ஏறக்குறையப் புதிதாக இருந்தன. ஒவ்வொரு சர்வீஸிலும் டயரை முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டதாக பில் கொடுத்தார்களா என்று கேட்டார். கொடுத்தார்கள் என்றேன். மூன்று முறை.

"மூணு தடவ மாத்தினா இப்ப மூணும் நாலும்தான முன்னாடி இருக்கணும்? ஒண்ணும் ரெண்டும் இங்க இன்னா பண்ணுது?"

பெரிய சர்வீஸ் சென்டர், அப்படி ஏமாற்ற மாட்டார்கள் என்றேன். ஆம், அப்போதும் அதைத்தான் சொன்னேன். சின்னப்பன் என்னைப் பார்க்கவில்லை. கவிதாவைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க வண்டியில வராததுக்கு இதுவா காரணம்?"

"ரிப்பேர்னுதான் சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள்.

பின் டயர்களை முன்னால் போட்டார். தேய்ந்தவற்றில் கம்பி தெரியாததைப் பின்னால் மாட்டி, கம்பி தெரிந்ததற்குப் பதில் ஸ்டெப்னி. முப்பதுக்கு மேல் போகாமல் இறங்கி, வீட்டுக்குப் போனதும் இரண்டையும் மாற்றச் சொன்னார். 350 ரூபாய். கவிதா 9:40க்குப் பள்ளியில் இருந்தாள். பக்கத்துக் கடையில் நான் இட்லி வாங்கினேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் வண்டியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஹைபிரிட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் மின்மோட்டார் முழு இழுவையும் தரும். பேட்டரியால் எடை கூடுதல். இறக்கத்தில் வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும்போதும், முன்சக்கர இழுவை வண்டியில் அந்தச் சுமை முழுக்க முன் டயர்களுக்குத்தான். எவ்வளவு பொறுமையாக ஓட்டினாலும் முன்னால் அதிகம் தேயும். அதற்காகத்தான் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிப் போடுவது. அதைச் செய்யாமல் காசு வாங்கிக்கொண்டு, ஓட்டுகிறவள் மேல் பழியைப் போடுவது எந்த ஊர் நியாயம்?

புது டயர் வாங்குகிறவர்களுக்கு. அளவு அதேதான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் எழுதியிருக்கும் சுமை எண் பழையதைவிடக் குறையக் கூடாது. சாதாரண கார் டயரை விலைக்காக மாட்டாதீர்கள். வண்டியோடு வந்த டயர், எரிபொருள் மிச்சம் காட்டுவதற்காகப் பள்ளம் குறைவாகச் செய்தது. நான் ஆழமான பள்ளம், ஈரத்தில் நல்ல பிடிப்பு உள்ளதைத் தேர்ந்தேன். ஒன்று 12,800 ரூபாய். மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தது. குறையட்டும். இரண்டு மட்டும் வாங்கினால் புதியவை பின்னால்; மழையில் பின்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கால் மீட்க முடியாது. நாலு சக்கர இழுவை வண்டி என்றால் நான்கையும் ஒன்றாக மாற்றச் சொல்கிறார்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். பழைய சரக்கை மறுத்துவிடுங்கள். அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் அச்சிட்ட அளவைக் கேளுங்கள். காற்று காலையில், டயர் சூடாகும் முன். எண்ணை நீங்களே எழுதுங்கள். வெளிப்பக்கம்.

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சின்னப்பன் கடையில் எடுத்த டயர் படங்களைக் காட்டினேன். மேலாளர் மூன்று பில் தொகையையும் திருப்பித் தந்தார், அடுத்த சர்வீஸ் இலவசம் என்றார். ஜாப் கார்டில் 'ஓட்டும் பழக்கம்' என்ற அந்த வரியை அடியுங்கள் என்றேன். அரை மணி நேரம் பேசினார். கடைசியில் அடித்தார். பக்கத்தில் 'சர்வீஸ் குறைபாடு' என்று எழுதி முத்திரை வைத்தார்.

அன்று இரவு ஜாப் கார்டைக் கவிதாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பிறகு அடித்த வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதான?"

என்னுடையதுதான். 'மேற்கண்டதை ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தில். அதை அடிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

வேறு ஒருவர் ஓட்டும் வண்டிக்குக் கையெழுத்துப் போடும் முன் அவரைக் கேளுங்கள். இந்தப் பதிவில் மற்ற எதை மறந்தாலும் பரவாயில்லை.

மன்னிப்புக் கேட்டேன். தூக்கம் வருகிறது என்றாள். மறுநாள் நான் எழுந்தபோது வண்டி வாசலில் இல்லை. எடுத்துப் போவதாக அவள் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.