வத்தளையில் டெய்சியின் தலையசைப்புக்கு நான் கைதட்டியது

மூத்த பேரன் ரொறன்ரோவில் எஞ்சினியர். அடுத்தவள் பேராதனையில் பல் வைத்தியம் படிக்கிறாள். மகளின் ஒரே பிள்ளை அபிஷா குதிரையேறித் தடை தாண்டுகிறாள். போன வருஷம் இரண்டு கிண்ணம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், அவள் தொடங்கித் தந்த இந்த இணையப் பக்கத்தில் வேறு எதை எழுதுவேன்?

போன சனிக்கிழமை வத்தளைக்கு அப்பால் ஒரு சவாரிப் பள்ளியில் அவளுக்குப் போட்டி. காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்து, கொட்டாஞ்சேனையில் மச்சாளையும் ஏற்றிக்கொண்டு களனிப் பாலம் தாண்டினோம். இருபது கிலோமீற்றர், இரண்டாயிரத்து நானூறு ரூபாய். மச்சாளைக் கூட்டிப்போனதே பேத்தியைக் காட்டத்தான்.

அபிஷா தன் குதிரை டெய்சியின் பக்கத்தில் முகம் வாடி நின்றாள். "அம்மம்மா, டெய்சி ஒரு மாதிரி நடக்குது. நான் இண்டைக்கு ஏறேல்லை."

"நல்லாத்தானே நிக்குது. மச்சாள் உன்னைப் பார்க்கவெண்டே வந்திருக்கிறா. என்ர மானத்தை வாங்காதை பிள்ளை."

ஏறினாள். போட்டிக்கு முன் உடம்பைச் சூடாக்க மைதானத்தைச் சுற்றும்போது, டெய்சி தலையைத் தூக்கித் தூக்கி ஓடியது.

"பாருங்கோ மச்சாள், எல்லாருக்கும் வணக்கம் சொல்லுது!" என்று கைதட்டினேன்.

"உங்கட வீட்டுக் குதிரையெல்லோ, மரியாதை இருக்கும்தானே" என்று மச்சாள் சிரித்தாள்.

அங்கே நின்ற மிருக வைத்தியர் சிரிக்கவில்லை. அபிஷாவை இறங்கச் சொன்னார். கயிற்றைத் தளரப் பிடித்து, கொங்கிறீட் பாதையில் டெய்சியை நேராக ஓட்டுவித்தார், பிறகு வட்டமாக.

"அம்மா, தலையைப் பாருங்கோ. நோகிற கால் நிலத்தில படேக்க தூக்குது, மற்றக் கால் படேக்க கீழ பதிக்குது. இடது முன்கால். சத்தத்தையும் கேளுங்கோ."

கேட்டேன். ஒரு குளம்பு பலமாக, ஒன்று பயந்து பயந்து விழுந்தது.

"இதோட தாண்டியிருந்தா கால் போயிருக்கும். பிள்ளையும் விழுந்திருப்பா. ஆர் ஏறச் சொன்னது?"

"நான்தான் ஏறினனான் டொக்டர். என்ர பிழை" என்றாள் அபிஷா, என் பக்கம் திரும்பாமலே.

நான் வாய் திறந்திருக்க வேண்டும். மச்சாள் பக்கத்தில் நின்றதால் திறக்கவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க ஓட்டோவில் தலை குனிந்தே இருந்தேன்.

சவாரிப் போட்டி பார்க்கப் போகிறவர்கள் வெயிலுக்கு முன்னே போங்கள், தொப்பியும் தண்ணீரும் கொண்டு போங்கள். குதிரையைக் கடும் தரையில் ஓட்டும்போது தலையைக் கவனியுங்கள். ஏறுகிற பிள்ளை வேண்டாம் என்றால், அதோடு விடுங்கள்.

ஏறச் சொன்னது நான். மச்சாளும் இதை வாசிப்பாள், வாசிக்கட்டும். அபிஷா, இதைப் பக்கத்தில் ஏற்றும்போது மேலே புதுப் படம் ஒன்று போடு பிள்ளை: காலில் கட்டோடு டெய்சி, அருகே நிலத்தில் நிற்கிற நீ.