கேட்டு வீட்டுச் சென்னம்மாள்

“எங்கப்பனுக்கு என்ன வயசு மதிப்பீங்க?”

ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர் யாராயிருந்தாலும் சென்னம்மாள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டாள். நாற்பத்தைந்து என்று சொன்னவருக்கு ஒரு சொம்பு நீர்மோர் உண்டு. நான் முதல் தடவை, வெயில் எரிச்சலில், “அறுபது இருக்கும்” என்று சொல்லித் தொலைத்தேன். வெளியே வந்த மோர்ச் சொம்பு அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டது. அப்புறம் மூன்று மாதம் எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

நான் ஊர் ஊராகச் சைக்கிளில் போய் அம்மை குத்துகிற உத்தியோகக்காரன். என் தலையைக் கண்டுதான் அந்தக் கேட்டை மூடுகிறார்களோ என்று பல நாள் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ரயில் இந்தக் கேட்டைத் தாண்டித்தான் மொரப்பூர் ஸ்டேஷனில் நிற்கும். கேட் காவலாளி செல்லன்தான் அவளுடைய அப்பா. அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கேட்டை ஒட்டி ரயில்வே கொடுத்த ஒற்றை அறை வீடு, இரண்டு ஆடு, ஒரு முருங்கை மரம். சென்னம்மாளுக்கு இருபத்தாறு வயதிருக்கும். ஒல்லி. வாய் மட்டும் ஒரு சந்தைக்குக் காணும்.

சிவப்பும் பச்சையும் அவள் உடுத்தமாட்டாள். அந்த நிறத்தில் ஒரு கிழிசல் துணியைக்கூட வெளியே காயப்போடமாட்டாள். டிரைவர் அதைக் கொடியென்று நினைத்துவிட்டால் என்ன ஆவது? “பொறந்ததுலருந்து எனக்கு மஞ்சளும் ஊதாவுந்தாங்க. கண்ணாலத்தன்னிக்கு ஒரே நாளு செவப்பு கட்டுனேன். அதுவும் ஸ்டேசனுக்கு அந்தப் பக்கம், கோயில்ல” என்பாள். அந்தச் சேலையை வருஷத்துக்கு ஒருமுறை அலசி, அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவாள். கதவைச் சாத்திக்கொண்டுதான்.

வயது விஷயம் இதுதான். செல்லன் வேலை கேட்டுப் போனபோது அவருக்குப் பதினைந்து. இருபது ஆகிவிட்டதா என்று துரை கேட்டாராம். மீசை அரும்பாத இந்த மனிதர், “ஆச்சுங்க சாமி” என்று அடித்துவிட்டார். அதை அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு வேலை வாங்கிக் கொடுத்த அந்த ஐந்து வருஷம்தான் இப்போது வேலைக்கு உலை வைத்தது. ஆளுக்கு வயது ஐம்பது. பதிவேட்டில் ஐம்பத்தைந்து. வருகிற சித்திரையோடு ஓய்வு. வேலை போனால் வீடும் போகும்.

“வாயில வந்ததைச் சொல்லிப்புட்டு இப்ப பாரு, முழிக்கறாரு” என்று அப்பாவை ஏசுவாள். ஏசிய கையோடு அவர் தலைக்கு எண்ணெய் தடவி, நரை தெரியாமல் வாரி, முண்டாசை இழுத்துவிடுவாள். செல்லன் குழந்தை மாதிரி உட்கார்ந்திருப்பார்.

வீடு போனால் வேறு வீடு பார்த்துக்கொள்வது என்று நானும் ஒருநாள் லேசாகத்தான் சொன்னேன். அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது. அவள் புருஷன் குப்புராஜ் பட்டாளத்துக்குப் போயிருந்தான். தாய் தகப்பன் இல்லாதவன். தண்டவாளக் கூலியாக வந்து, இந்த வீட்டோடு மாப்பிள்ளையானவன். மொரப்பூரில் ரயிலேறிப் போன அன்று, கேட்டைக் கடக்கும்போது கதவில் தொங்கிக்கொண்டு கத்தினானாம்: “நான் வர்றப்ப நீ இங்கயே நிக்கணும்!” சிங்கப்பூரிலிருந்து இரண்டு கடிதாசி வந்தது. அந்த ஊர் ஜப்பான்காரனிடம் விழுந்த பிறகு ஒன்றும் இல்லை. மூன்று வருஷம்.

“புதுசா வர்ற காவலாளிகிட்ட சொல்லி வையேன், அம்மா” என்றேன்.

“சொல்லலாங்க. ஆனா அவரு வண்டியிலிருந்தே எட்டிப் பாப்பாரு. இங்க வேற பொம்பள நின்னா, நான் செத்துட்டேன்னு நெனச்சுக்குவாரு. அப்புறம் மொரப்பூர்ல எறங்குவாரா? அப்படியே போயிடுவாருங்க. அவருக்கு வேற வூடு ஏது?”

அவள் கேட்காமலே, பதிவேட்டில் வயதைத் திருத்தச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தேன். ஒன்றல்ல, நான்கு. சிறு வயதில் செல்லனோடு ஆடு மேய்த்தவர்கள் ஆறு பேரைச் சாட்சிக்குப் பிடித்துக் கைநாட்டு வாங்கி வந்தாள். ‘பதிவேட்டில் உள்ளதே வயது’ என்று மாசியில் பதில் வந்தது. படித்துச் சொன்னேன். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுல எங்கப்பன் மொகம் எங்கயும் இல்லீங்களே” என்றாள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். வழக்கம்போல் கேட் மூடியிருந்தது. புதுக் காவலாளி கொடியோடு நின்றார். அவர் மனைவி முருங்கை பறித்துக்கொண்டிருந்தாள். ரயில்வே எல்லைக் கல்லுக்கு அந்தப்புறம், பாறை மேட்டில், தண்டவாளத்தைப் பார்த்த மாதிரி ஒரு புதுக் குடிசை. வாசலில் செல்லன் முண்டாசில்லாமல் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. சைக்கிளைச் சாத்திவிட்டு மேலே ஏறினேன். சென்னம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “நாப்பத்தஞ்சுதான் இருக்கும்” என்று நானாகவே சொன்னேன். சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

ஜோலார்பேட்டைப் பக்கம் ரயில் ஊதியது. அவள் உள்ளே போய்க் கல்யாணச் சேலையை எடுத்துவந்து வாசல் கயிற்றில் போட்டாள். செல்லன் பதறி எழுந்தார்.

“ஏ புள்ள, செவப்பு! டிரைவரு பாத்தா வண்டிய நிறுத்திப்புடுவான்!”

“நிறுத்தட்டும்” என்றாள்.

மடித்துப் போட்டிருந்த சேலையை முழு அகலத்துக்கும் விரித்தாள். காற்றில் சுருண்டுவிடாமல் இரண்டு முனையையும் கயிற்றோடு சேர்த்து இறுக முடிந்தாள்.